புருவங்களுக்கு நடுவே

அத்தியாயம் 11

ஆறு மணிக்கு எழுந்தான். கூடத்தில் விரித்திருந்த மெத்தையை மடித்துச் சுவரோரம் சாய்த்தான். பல் தேய்த்தான். மோட்டாரைப் போட்டான். பாலை அடுப்பில் வைத்துவிட்டுக் குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டான். மாடியேறி வரவும் பால் பொங்கவும் சரியாக இருந்தது. மூன்று டம்ளரில் டீ ஊற்றினான். ஒன்றில் சர்க்கரை இல்லை. ஒன்றில் இரண்டு கரண்டி. மிச்சம் தனக்கு. மோட்டாரை நிறுத்தினான். முட்டை வேகப் போட்டான். சட்டைக்கு இஸ்திரி போட்டான். மணி ஆறே முக்கால்.

அன்றைக்கு அவன் லீவு போட்டிருந்தான். அதனால் ஒன்றும் மாறவில்லை.

மனைவி போன பிறகு, அவளைப் பெற்ற அத்தையும் சின்னவளும் பத்து நாள் துணைக்கு இருந்துவிட்டுப் போவதாகத்தான் இந்த வீட்டுக்கு வந்தார்கள். பதினோரு மாதம் ஆகிறது. போங்கள் என்று அவன் சொல்லவில்லை. போகிறோம் என்று அவர்களும் சொல்லவில்லை. படுக்கையறை அவர்களுக்கு, கூடம் அவனுக்கு என்பது யாரும் பேசாமலே முடிவாகிப்போன விஷயம்.

அவன் மனைவி இறந்த அன்று அத்தை ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்து நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அத்தை அழவில்லை. அறை வாசலில் நின்று, மகள் கடைசியாக என்ன சொன்னாள் என்று மட்டும் கேட்டாள். அவன் யோசிக்கவே இல்லை. அம்மா வந்துட்டாங்களா என்று கேட்டாள் என்றான்.

மனைவி அப்படிக் கேட்கவில்லை. பெற்றவளை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது என்று தோன்றியது; வாய்க்கு வந்ததைக் கொடுத்தான். கொடுத்ததைத் திரும்ப வாங்கும் வழி தெரியாமல் அன்றிலிருந்து விழித்துக்கொண்டிருக்கிறான்.

இன்றைக்குப் பதினோரு மணிக்கு அத்தையை முக அழகு கிளினிக்குக்கு அழைத்துப் போக வேண்டும்.

அத்தை ஒரு ஹோட்டலில் இருபத்திரண்டு வருடமாக வரவேற்பு மேசையில் நின்றவள். போன மாதம் மேனேஜர் கூப்பிட்டு, உங்கள் குரலுக்கு நீங்கள் டெலிபோன் அறையில் இருந்தால் எங்களுக்குப் பெருமை என்றாராம். குரல் அதே குரல்தான். மாறியது முகம். தங்கிப் போகிறவர்கள் எழுதி வைக்கும் அட்டைகளில் மூன்று பேர் ஒரே விஷயத்தை எழுதியிருந்தார்கள்: வரவேற்பில் நிற்கும் அம்மாவுக்கு எங்கள் மேல் என்ன கோபம்?

கோபமில்லை. இரண்டு புருவங்களுக்கு நடுவே ஒரு கோடு. முன்பே இருந்ததுதான். இந்தப் பதினோரு மாதத்தில் நகத்தால் கீறிவிட்ட மாதிரி ஆழமாகிவிட்டது.

"அம்மா நிக்கறதப் பாத்துட்டு, ரூம் காலி இல்ல போலிருக்குன்னு வந்தவங்களே சொல்லிட்டுத் திரும்பிடறாங்களாம் மாமா," என்றாள் சின்னவள், மனைவியின் தங்கை. ஒரு கையில் முட்டை, ஒரு கையில் சீப்பு.

"வாயை மூடிட்டு முட்டையைத் தின்னு," என்றாள் அத்தை.

"ரெண்டையும் ஒண்ணா எப்படிம்மா செய்யறது?"

சின்னவள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். அதனால் வீட்டில் பாதி டாக்டர். ஒரு வாரமாக இதே பேச்சுத்தான். ஊசி இரண்டு விதம். போடாக்ஸ் போட்டால் அந்த இடத்துத் தசை தூங்கிவிடும். முகத்தைச் சுளிக்க முடியாது. சுளிக்காமல் சுளிக்காமல் கோடு மங்கும். ஃபில்லர் என்பது பிசின் மாதிரி. பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து தோலை மேலே தூக்கும். சின்னவள் போடாக்ஸ் கட்சி. பிடிக்காவிட்டால் மூன்று நாலு மாதத்தில் தானே கழன்றுவிடும் என்பது அவள் வாதம். அத்தை ஃபில்லர் கட்சி. அது ஒரு வருடம் நிற்கும். நாலு மாதத்துக்கு ஒரு தடவை நெற்றியை நீட்டிக்கொண்டு போய் உட்கார அவளுக்கு வெட்கமாக இருக்கிறது.

கடைசியில் இரண்டு பேரும் அவனைத்தான் பார்த்தார்கள். அவனுக்குத்தான் தொழில் கண்.

அவன் போட்டோ ஸ்டுடியோவில் படங்களைச் சரிசெய்கிறவன். கல்யாண ஆல்பம், கம்பெனி அதிகாரிகளின் படம், ஒரு நாளைக்கு நாற்பது முகம். பரு, தழும்பு, கண்ணுக்குக் கீழே பை, கழுத்துச் சுருக்கம், எல்லாம் அவன் கையில் வந்துதான் காணாமல் போகும். அத்தை கேட்டாளென்று அவள் முகத்தையே இரண்டு மாதிரியாகச் செய்து பிரிண்ட் எடுத்து வந்திருந்தான். ஒன்றில் கோடு மங்கலாக. ஒன்றில் மேடு தட்டி, கோடே இல்லாமல்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தாள்.

"உங்க கை பட்டா பொய்கூட எவ்வளவு அழகா இருக்கு மாப்ளை."

விளையாட்டாகத்தான் சொன்னாள். அவன் டம்ளரை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.

கிளினிக் இரண்டாவது மாடியில் இருந்தது. கீழே செருப்புக் கடை. அத்தையின் கைப்பையை அவன் வாங்கிக்கொண்டான். கனத்தது. தண்ணீர் பாட்டிலாக இருக்கும் என்று நினைத்தான்.

காத்திருக்கும் அறையில் ஏழு பேர். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லோரும் ஏதோ தவறு செய்துவிட்டு ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே நிற்பவர்கள் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து டாக்டர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஐம்பது வயதுக்காரி. நெற்றி மட்டும் இஸ்திரி போட்டது போல இருக்கிறது என்று அத்தை அவன் காதருகே சொன்னாள். சொல்லிவிட்டுத் தானே கொஞ்சம் சிரித்தாள். அவள் சிரித்து அவன் பார்த்து எத்தனையோ நாளாயிற்று. சிரிக்கும்போதுகூட அந்தக் கோடு அசையாமல் நின்றது.

இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்தான். அவள் உங்களைக் கேட்கவில்லை அத்தை என்று. அதற்குள் நம்பரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

டாக்டர் அதிகம் பேசுகிறவரில்லை. விளக்கைத் திருப்பி, அத்தையை முகம் சுளிக்கச் சொன்னார். பிறகு விடச் சொன்னார். மறுபடி சுளிக்க, மறுபடி விட. விட்ட பிறகும் கோடு அங்கேயே இருந்தது. கட்டை விரலால் அதன் இரண்டு பக்கத்தையும் இழுத்துப் பார்த்தார்.

ஃபில்லரை இந்த இடத்தில் முதலில் போடுவதற்கு அவருக்கு விருப்பமில்லை. புருவ நடுவில் ரத்தக் குழாய்கள் மெல்லியவை. மருந்து தவறி அதற்குள் போனால் கண் பார்வைக்கே ஆபத்து. அப்படி ஆவது அபூர்வம்தான், ஆனால் அபூர்வம் என்று சொல்லிவிட்டு நான் அவசரப்பட மாட்டேன் என்றார். முதலில் போடாக்ஸ். இரண்டு வாரத்தில் முழுதாக வேலை செய்யும். அப்போது எவ்வளவு கோடு மிச்சமிருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றதைப் பேசலாம். இருந்தாலும் இரண்டுமே படிவத்தில் இருக்கின்றன, யோசித்து டிக் செய்யுங்கள் என்று ஒரு தாளை நீட்டினார்.

அத்தை தாளை வாங்கவில்லை.

"டாக்டர், இந்தத் தசை அசையலைன்னா அழுகை வருமா?"

டாக்டர் முதல் தடவையாக அத்தையின் கண்ணைப் பார்த்தார்.

"வரும்மா. தாராளமா அழலாம். இங்க சுருங்காது, அவ்வளவுதான்."

அத்தை தலையாட்டினாள். அது போதும் என்பது போல இருந்தது.

பழைய போட்டோ ஒன்று எடுத்துவரச் சொல்லியிருந்தோமே என்றார் டாக்டர். புருவம் இயல்பாக எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க. அத்தை அவனிடமிருந்து பையை வாங்கினாள். உள்ளேயிருந்து துண்டில் சுற்றிய ஒன்றை எடுத்தாள். துண்டைப் பிரித்தாள்.

கூடத்துச் சுவரில் மாட்டியிருந்த படம். அவன் மனைவி. சட்டத்தோடு.



"உங்க போட்டோ இல்லையா?" என்றார் டாக்டர்.

"என்னோடதுல எல்லாத்துலயும் கோடு இருக்கு டாக்டர். இருபது வயசிலயே வந்துடுச்சு. இவ என் பெரிய பொண்ணு. என் மூஞ்சி அப்படியே. கோடு மட்டும் கிடையாது. எனக்கு இந்த மாதிரி வந்தா போதும்."

டாக்டர் படத்தை வாங்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கிட்டத்தில் பார்த்தார். அவர் எதைப் பார்க்கிறார் என்று அந்த அறையில் அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

"இதுல வேலை பாத்திருக்காங்கம்மா. கன்னத்துல, நெத்தியில எல்லாம் தோலோட துளை தெரியுது. நடுவுல இந்த இடத்துல மட்டும் இல்ல, பாருங்க, மழமழன்னு இருக்கு. இங்க என்னமோ இருந்திருக்கு, அழிச்சிருக்காங்க. இதை வெச்சு நான் ஒண்ணும் சொல்ல முடியாது."

அவசர வேலை. ஸ்டுடியோ முதலாளி பார்த்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார்.

அத்தை படத்தைப் பார்க்கவில்லை. டாக்டரையும் பார்க்கவில்லை. அவனைப் பார்த்தாள். பிறகு படத்தை வாங்கி, துண்டின் நாலு மூலையையும் மடித்துச் சுற்றி, பைக்குள் வைத்தாள்.

நர்ஸ் வந்து புருவ நடுவில் மரத்துப்போகும் களிம்பைப் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டினாள். அரை மணி நேரம் வெளியே உட்காருங்கள், படிவத்தை நிரப்பி வையுங்கள் என்றாள்.

மாடிப்படிக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. அங்கே போய் உட்கார்ந்தார்கள். மடியில் படிவம். இரண்டு சின்னக் கட்டங்கள், இரண்டும் காலி. பேனா அவள் கையில் மூடியபடி இருந்தது.

சின்னவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. அவன் தெரியாமல் அழுத்திவிட்டான். "அம்மா, ஆச்சா? நெத்தியில இப்ப ஃப்ளைட் இறங்கலாமா?" அவன் போனை அணைத்துச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அத்தை பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள். அவள் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"அவளுக்குக் கோடு இருந்துச்சா?"

"இருந்துச்சு அத்தை."

"எங்க?"

அவன் தன் நெற்றியில் தொட்டுக் காட்டினான். உங்களுடையது நேராக இருக்கிறது, அவளுடையது இடது பக்கம் கொஞ்சம் சாய்ந்திருக்கும் என்றான். ஊசியில் நூல் கோக்கும்போது வரும். பஸ் நம்பர் பார்க்கும்போது வரும். அவன் சொல்வதை அவள் நம்பாதபோது கட்டாயம் வரும். கடைசி வருடம் வந்தது போகாமலே நின்றுவிட்டது.

அத்தை கேட்டுக்கொண்டிருந்தாள். யாரோ ஒருத்தியின் அடையாளத்தைக் கேட்பது போல.

"எனக்கு எப்படி மறந்துச்சு?"

அவனிடம் பதில் இருந்தது. தினமும் காலையிலும் மாலையிலும் பதினோரு மாதம் அந்தப் படத்தின் முன்னால் நின்றால் எந்தத் தாய்க்கும் மறக்கும். மகள் மறந்து படம் மட்டும் நிற்கும். அந்த வேலையைச் செய்தவன் அவன்.

"கை தானாப் போச்சு அத்தை. அன்னிக்கு அஞ்சலி அறிவிப்புக்குப் படம் வேணும்னு கேட்டாங்க, ஒரு மணி நேரந்தான் இருந்துச்சு. என் மெஷின்லயே உக்காந்தேன். நெத்தியில கோடு தெரிஞ்சா கை அழிச்சுடும், யாரு என்னன்னு பாக்காது. சட்டம் போட்டு வந்தப்புறம்தான் பாத்தேன்."

"அப்புறமாவது மாத்தியிருக்கலாமே."

"நீங்க அதைப் பாத்து, எம்பொண்ணு இப்பதான் நிம்மதியா இருக்கான்னு சொன்னீங்க."

கீழே செருப்புக் கடையில் யாரோ எட்டாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டார்கள்.

பிறகு அவளாகவே பேச ஆரம்பித்தாள். மேனேஜர் சொன்னதற்காக அவள் இங்கே வரவில்லை. டெலிபோன் அறையில் உட்காருவதில் அவளுக்கு ஒரு குறையும் இல்லை. கால் வலியாவது மிச்சம்.

"தினம் கேக்குது மாப்ளை. அம்மா வந்துட்டாங்களான்னு. போனை எடுத்தா அதான், தலை சீவினா அதான். அன்னிக்கு எனக்கு மாத்து ஆள் வர நேரமாச்சு. போயிருக்கலாம், மேசையை விட்டுட்டு ஓடியிருக்கலாம். யாரோ ஒருத்தனுக்குச் சாவி எடுத்துக் குடுத்துட்டு, லிப்ட் அந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லிட்டு நின்னேன். எம்பொண்ணு வாசலைப் பாத்துட்டுப் படுத்திருந்திருக்கா. அது நெனப்புக்கு வர்றப்பல்லாம் இந்த இடம் இறுகி முடிச்சு விழுது. முடிச்சு விழாம இருந்தா போதும்னுதான் வந்தேன். பொண்ணையா மறக்கச் சொல்றேன்? முடிச்சைத்தான்."

அவனால் உட்கார முடியவில்லை. எழுந்து நின்றான். எழுந்த பிறகு எங்கே போவது என்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்தான்.

ஆறுதல் என்று நினைத்து அவன் சொன்ன இரண்டு வார்த்தை, பதினோரு மாதமாக ஒரே இடத்தில் கீறிக்கொண்டிருந்திருக்கிறது. அந்தக் கோட்டை எடுக்க இப்போது அவள் நெற்றியில் ஊசி இறங்கப்போகிறது. போடாக்ஸா ஃபில்லரா என்று தொழில் கண்ணோடு கருத்துச் சொல்லிக்கொண்டிருந்தவன் அவன்.

சொன்னால் இருப்பதையும் பிடுங்கின மாதிரி ஆகும். மகள் தன்னைத் தேடினாள் என்பதுதான் அவளிடம் மிஞ்சியிருப்பது. சொல்லாவிட்டால் இன்னும் கால் மணி நேரத்தில் நர்ஸ் கூப்பிடுவாள்.

அத்தை பைக்குள் கையை விட்டுத் துண்டின் மேலாகப் படத்தைத் தடவினாள்.

"வேற எதுல கை வெச்சீங்க?"

படத்தில் வேறு எதுவும் இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தான். அது உண்மைகூட. ஆனால் அதைச் சொல்லக் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொண்டுவிட்டான். பொய்ப் பெயரில் அறை கேட்டு வருகிறவர்களை இருபத்திரண்டு வருடம் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தவள் அத்தை. பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டு, அவன் பக்கம் முழுதாகத் திரும்பி உட்கார்ந்தாள்.

"அவ உங்களைக் கேக்கலை அத்தை," என்றான்.

அத்தை அசையவில்லை.

"அம்மா வந்துட்டாங்களான்னு அவ கேக்கலை. நான்தான் சொன்னேன். நீங்க வேலையில இருக்கீங்க, சாயங்காலம் வருவீங்கன்னு அவளுக்குத் தெரியும். அவ வாசலைப் பாக்கலை. யாரையும் தேடலை. நீங்க லேட்டுன்னு அவளுக்குத் தெரியவே தெரியாது."

நெற்றியில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் மெல்லச் சுருங்கியது. ஓரத்தில் களிம்பு பிதுங்கி மூக்கின் மேல் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. கோபமா, அழுகையா, அல்லது வேறு ஏதாவதா என்று அவனால் படிக்க முடியவில்லை. ஒரு நாளைக்கு நாற்பது முகம் பார்க்கிறவன்.

கதவு திறந்தது. களிம்பு பிடித்திருக்கும், உள்ளே வரலாம், படிவம் ஆயிற்றா என்றாள் நர்ஸ்.

"ரெண்டு நிமிஷம்மா," என்றாள் அத்தை, அவன் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.



"நானும் அதைத்தான் சொன்னேன் அத்தை. ரெண்டு நிமிஷம்னு."

பிறகு நிறுத்தத் தெரியாமல் சொல்லிக்கொண்டே போனான். மதியம் இரண்டரை மணி. அவள் கொஞ்சம் தேவலையாக இருந்தாள், கஞ்சி இரண்டு வாய் குடித்திருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்து நாற்காலியில் அவன் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். யாரோ ஒரு கம்பெனி டைரக்டர், கழுத்துச் சுருக்கம் சாயங்காலத்துக்குள் போக வேண்டும். அவள் ஒன்று சொன்னாள். சின்ன விஷயம். எழுந்திருக்கக்கூட வேண்டாம், உட்கார்ந்த இடத்தில் செய்திருக்கலாம். பாதிக் கழுத்து முடிந்திருந்தது. ரெண்டு நிமிஷம் என்றான். அவள் முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டாள். கழுத்தை முடித்துவிட்டு அவன் நிமிர்ந்து பார்த்தபோது எவ்வளவு நேரம் ஆகியிருந்தது என்று இன்றைக்கு வரைக்கும் அவனுக்குத் தெரியாது.

நர்ஸ் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

அத்தை அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி வலித்தது.

"நீங்க என்ன செஞ்சீங்கன்னு நான் கேக்கலை மாப்ளை. எம்பொண்ணு என்ன சொன்னா?"

சொன்னான்.

"லேப்டாப்பைக் கொஞ்சம் அந்தப் பக்கம் திருப்பேன். வெளிச்சம் கண்ணுல அடிக்குது."